தபாற் செலவு தனி

தமிழ்ப் புத்தக நிலையங்களின் பழைய விலைப்பட்டியல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றின் கடைசி வரி மறந்திருக்காது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், விலை எல்லாம் முடிந்த பின்பு, பக்கத்தின் அடியில் ‘தபாற் செலவு தனி’ என்று மூன்று சொற்கள் இருக்கும். தமிழ்நாட்டை விட்டுத் தொலைவில் குடும்பம் நடத்துகின்ற நமக்கு அந்த மூன்று சொற்களும் விலையின் ஒரு பகுதியே. சென்னையில் இருப்பவர் கடைக்கு நடந்து சென்று வாங்கிய நூலை, நாம் தபால்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகே பிரித்துப் பார்க்க முடிந்தது. எனினும் அதற்காக எவரும் மனம் நொந்ததில்லை. காரணம் எளியது. தபாற் செலவு என்பது அரசு விதித்த கட்டணம். எடைக்கு இவ்வளவு என்று தபால் நிலையத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பொதியின் மீது ஒட்டியிருந்த தலைகளைக் கூட்டிப் பார்த்தால், புத்தகக் கடைக்காரர் நம்மிடம் வாங்கியது எவ்வளவு, அரசுக்குக் கொடுத்தது எவ்வளவு என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

அந்த வெளிச்சம் இல்லாத ஒரு வாணிகத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றோம்.

ஈபே என்னும் இணைய ஏலக்கூடத்தை நம் அன்பர்களுள் பலர் அறிவர். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிடியார் என்பவரால் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கப்பெற்றது அது. 2004-இல் நம் நாட்டுப் பாஸி டாட் காம் நிறுவனத்தை வாங்கி இந்தியாவிலும் கடை விரித்தது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த இந்தியக் கடை மூடப்பெற்றது. ஆயினும் அமெரிக்கத் தளத்திலும் பிரிட்டிஷ் தளத்திலும் ஏலம் கேட்போர் மும்பைத் தமிழரிடையே இன்றும் இருக்கின்றனர். சட்டையும் செருப்பும் வாங்க அங்கே போகவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அவர்கள் தேடிச் செல்வன நம்மை விட்டுக் கடல் கடந்து போன பொருள்கள்: நூறாண்டுகளுக்கு முன் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் வீலி அண்டு கிளைன் நிறுவனமும் வெளியிட்ட படத் தபால் அட்டைகள், கம்பெனி ஆட்சிக் காலத்துச் சென்னை மாகாண நாணயங்கள், மலாயாவுக்கும் இலங்கைக்கும் சென்ற தமிழர் தம்முடன் எடுத்துச் சென்ற கிராமபோன் இசைத்தட்டுகள். இவை இங்கே கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு வீட்டின் பரணிலும் பினாங்கில் ஏதோ ஒரு பெட்டியிலும் கிடந்து, வீட்டார் மறைந்த பின் ஏலத்துக்கு வருகின்றன.

நாம் தேடுவது படத் தபால் அட்டைகளை. மயிலைக் குளம், ஜார்ஜ் டவுன் தெரு, கடற்கரைச் சாலையில் ஒற்றை ஜட்கா வண்டி என்று சிறியதொரு தொகுப்பு நம்மிடம் உண்டு. பம்பாயில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தாத்தா நடந்த தெருவைக் காட்ட வேறு வழி நமக்குத் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் உள்ள ஒரு விற்பனையாளர் திருவல்லிக்கேணிக் கோயிற் குளத்தின் அட்டை ஒன்றை ஏலத்துக்கு வைத்திருந்தார். தொடக்க விலை 99 பென்ஸ். நம் பணத்தில் நூறு ரூபாய்க்குச் சற்று அதிகம். அதன் கீழே சிறிய எழுத்தில் இந்தியாவுக்கு அஞ்சற் கட்டணம் 14 பவுன் என்றிருந்தது. அஃதாவது ஏறத்தாழ 1,500 ரூபாய். அட்டை வேண்டியிருந்தது, வேறு எவரும் போட்டியிடவில்லை, தொகை இன்னதென்று அறிந்தே வாங்கினோம். மூன்று வாரம் சென்று உறை வந்தது. சாதாரணக் காகித உறை. உள்ளே அட்டை வளையாதிருக்கக் காலை உணவுப் பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. உறையின் மேல் ஒட்டியிருந்த தலைகளைக் கூட்டினோம். இரண்டரைப் பவுன்! பதிவு இல்லை, பின்தொடரும் எண் இல்லை, காப்புறுதி இல்லை. எஞ்சிய பதினொன்றரைப் பவுன் எந்த அஞ்சலில் ஏறிற்று என்று கேட்டு எழுதினோம். ‘இந்தியாவுக்கு எங்கள் கட்டணம் அதுவே’ என்று ஒரே வரியில் விடை வந்தது.

இதனை வெறும் பேராசை என்று தள்ளிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னே ஒரு கணக்கு இருப்பதைத் தெரிந்துகொள்வது நன்று. அமெரிக்க ஈபே தளம் பல ஆண்டுகள் வரை விற்ற விலையின் மீது மட்டுமே தரகு பெற்று வந்தது; அஞ்சற் கட்டணத்தின் மீது தரகு இல்லை. ஆகவே இருபது டாலர் பெறுமான பொருளை இருபது டாலருக்கு விற்பவர் இருபதுக்கும் தரகு கொடுத்தார். அதையே ஐந்து டாலர் விலை, பதினைந்து டாலர் அஞ்சல் என்று பிரித்து எழுதியவர் ஐந்துக்கு மட்டும் கொடுத்தார். வாங்குவோர் மனம் மாறிப் பொருளைத் திருப்பி அனுப்பினாலும், போன அஞ்சற் கட்டணம் போனதுதான். விலை குறைந்ததை முதலில் காட்டு என்று கேட்போரின் கண்ணில் இந்த ஐந்து டாலர்ப் பொருளே முதலில் பட்டது. ஒரு கல்லில் மூன்று மாங்காய்! 2011-இல் அந்தத் தளம் அஞ்சற் கட்டணத்தின் மீதும் தரகு விதித்து இந்த வாயிலில் ஒன்றை அடைத்தது. அதற்கு முன்பே, 2007-இல், அஞ்சற் கட்டணம் நியாயமா என்று வாங்குவோர் விண்மீன்களால் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்திருந்தது.

ஆனால் தரகு மட்டுமே காரணமாயின் 2011-க்குப் பிறகு இந்த வழக்கம் மறைந்திருக்கவேண்டும் அன்றோ? மறையவில்லை. மற்றொரு காரணம் நம் கண்ணிலேயே இருக்கின்றது. டான்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் ஈபே தளத்திலேயே ஒரு சோதனை நடத்தி 2006-இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஒரே வகையான இசைக் குறுந்தகடுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் இரு விதமாக ஏலத்தில் வைத்தனர். ஒன்றில் தொடக்க விலை 4 டாலர், அஞ்சல் இலவசம். மற்றொன்றில் தொடக்க விலை ஒரே ஒரு சென்ட், அஞ்சல் 3 டாலர் 99 சென்ட். கூட்டினால் இரண்டும் ஒன்றே. ஆயினும் இரண்டாம் வகைக்கே ஆட்கள் மிகுதியாக வந்தனர்; முன்னதாகவும் வந்தனர்; முடிவில் விற்பவர் கையில் சேர்ந்த மொத்தத் தொகையும் அதிலேயே அதிகமாயிற்று. பொருளின் மதிப்போடு ஒப்பிடும்போது அஞ்சற் கட்டணம் மிகவும் பெருத்துப் போன இடத்தில் மட்டும் குறுந்தகடுகளில் இந்த ஆதாயம் காணப்படவில்லை. நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய்க்காரி விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு எடையில் சரிக்கட்டுவாள் என்று பாட்டி எச்சரித்ததை அறிவோம். அது ஏமாற்று. இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. எண் கண்ணெதிரே இருக்கின்றது. நாம்தான் அதன் மீது பார்வையை நிறுத்துவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. அதனைப் பலர் அறியார். இந்தியாவுக்கு அனுப்ப விருப்பம் இல்லாத விற்பனையாளர்கள், ‘அனுப்பமாட்டோம்’ என்று நேரே எழுதாமல் பெருந்தொகை ஒன்றை வேலியாக நட்டுவிடுகின்றனர். பொதி தொலைந்தால் யார் பொறுப்பு, சுங்கத்தில் நின்றால் யாருக்குக் கடிதம் எழுதுவது என்னும் அச்சத்துக்கு அவர்கள் இட்ட விலை அது. அந்த வேலியைத் தாண்டி வாங்குகின்றவர் வந்தால் அவர்களுக்கு இலாபம், வராவிட்டால் நிம்மதி. இவர்கள் மீது நமக்குப் பெரிய வருத்தம் இல்லை. ‘இந்தியாவுக்கு இல்லை’ என்று எழுதியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்பதே நம் எண்ணம்.

பிள்ளைகள் நம்மிடம் வேறொரு கேள்வி கேட்டார்கள். சீனத்திலிருந்து கைக்கடிகார வார் ஒன்று அஞ்சல் செலவே இல்லாமல் சில நூறு ரூபாய்க்கு வந்ததே, லண்டனிலிருந்து ஓர் அட்டைக்கு மட்டும் ஏன் 1,500 ரூபாய் என்று. நல்ல கேள்விதான். 1874-இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியா 1876-இலேயே சேர்ந்தது. அதன் தொடக்க கால ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு நாடும் தான் விற்ற தலையின் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பிற நாட்டுக் கடிதத்தைக் கூலி கேளாமல் பட்டுவாடா செய்யும். போன கடிதத்துக்கு ஒரு விடை வரும், கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை. பொதிகள் பெருகிய காலத்தில் அந்த நம்பிக்கை பொய்த்தது. அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்குப் பட்டுவாடாக் கூலி தரவேண்டும் என்று 1969-இல் டோக்கியோ மாநாட்டில் முடிவாயிற்று. வளரும் நாடுகளுக்கு அந்தக் கூலி குறைவாக வைக்கப்பெற்றது. சீன வணிகர்களின் சிறு பொதிகள் உலகெங்கும் மலிவாகப் பறந்ததற்கு இது ஒரு பெருங் காரணம். இதனால் தனக்கு இழப்பு என்று கூறி 2018-இல் ஒன்றியத்தை விட்டு விலக அமெரிக்கா அறிவிப்புக் கொடுத்து, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில் உடன்பாடு கண்டது. ஆக, அஞ்சற் கட்டணம் தொலைவை மட்டும் பார்ப்பதில்லை. நாடுகளின் பேரத்தையும் பார்க்கின்றது.

மெய்யாகவே கட்டணம் ஏறிப்போன இடங்களும் உள. அமெரிக்க அஞ்சல் துறை 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிநாடுகளுக்குக் கப்பல் வழி அஞ்சலை நிறுத்திவிட்டது. அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கப் பொறுமை உள்ளவர் அங்கிருந்து கனமான நூல்களைக் குறைந்த செலவில் வரவழைக்க முடிந்தது. இன்று அவை அனைத்தும் வானூர்தியில்தான் ஏறவேண்டும். அமெரிக்காவிலிருந்து ஓர் அகராதியின் அஞ்சற் செலவு அகராதியின் விலையை விஞ்சுகின்றதென்றால், விற்பவரைப் பழிக்குமுன் அகராதியை நிறுத்துப் பார்ப்பது நலம்.

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவரின் இசைத்தட்டுக் கதை இவ்விடத்தில் சொல்லத் தக்கது. இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மாட்டுங்காவில் பிறந்தவர். அவர் தந்தையாரிடம் டி. என். இராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி இசைத்தட்டு ஒன்று இருந்ததாம். தெருவில் எந்தத் தமிழர் வீட்டுக் கல்யாணமானாலும் கிராமபோனையும் அந்தத் தட்டையும் தூக்கிக்கொண்டு போவார்களாம். நாதஸ்வரக் கோஷ்டியைத் தஞ்சையிலிருந்து வரவழைக்கப் பணம் இல்லாத குடும்பங்களுக்கு அந்தத் தட்டே மங்கல வாத்தியம். வீடு மாற்றும்போது அது இரண்டாக உடைந்துபோயிற்று. அதே தட்டு, அதே வண்ண முத்திரையோடு, மலேசியாவில் ஒருவர் ஏலத்துக்கு வைத்திருப்பதைப் பேத்தி கண்டுபிடித்துக் காட்டினாள். அவளுக்குத் தை மாதம் திருமணம். அந்த இசையைக் கைப்பேசியிலேயே கேட்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், பெரியவர் கேட்கவில்லை.

விலை 18 டாலர். அஞ்சற் கட்டணம் 42 டாலர். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இது சிறு தொகை அன்று. நம்மை அழைத்துக் காட்டி, “தம்பி, இராஜரத்தினத்துக்கு விலை கொடுக்க எனக்கு மனம் இருக்கிறது, தபாலுக்கு அவரைவிட இரண்டு மடங்கு விலையா?” என்று கேட்டார். திருவல்லிக்கேணி அட்டை நம் நினைவுக்கு வந்தது. இருப்பினும் இசைத்தட்டு தபால் அட்டை அன்று. “ஐயா, ஏலம் கேட்குமுன் அவரிடமே கணக்குக் கேட்போம்” என்றோம். பொதியின் மொத்த எடை என்ன, எந்த அஞ்சல் முறை, பின்தொடரும் எண் உண்டா, உடைந்து வந்தால் என்ன செய்வார் என்று நான்கே கேள்விகள் எழுதினோம்.

மறுநாளே விடை வந்தது, நீண்ட விடை. பத்து அங்குலத் தட்டு ஒன்றின் எடை இருநூறு கிராமுக்குச் சற்று மேல். ஆனால் அது அரக்கினால் ஆனது. (அந்த அரக்கும் பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனதே.) கைதவறினால் கண்ணாடி போல் உடையும். ஆகவே தட்டின் இரு புறமும் மெல்லிய பஞ்சுத் தாள், அதன் இரு புறமும் ஒட்டுப்பலகை, அதற்கு வெளியே அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் அசையாதிருக்க நொறுக்கிய தாள். எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல். முன்பு இந்தியாவுக்கு அனுப்பிய அதே எடையுள்ள பொதியின் அஞ்சல் இரசீதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் இருந்த தொகை ஏறத்தாழ 33 டாலர். மீதி ஒன்பது டாலர் பலகைக்கும் பெட்டிக்கும் தம் அரை நாள் உழைப்புக்கும் என்று எழுதியிருந்தார். உடைந்து வந்தால் தளத்தின் விதிப்படி விலையையும் அஞ்சற் கட்டணத்தையும் சேர்த்தே தாம் திருப்பித் தரவேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

பெரியவர் அந்தக் கடிதத்தை இரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். “கணக்குச் சொன்னவனுக்குக் கொடுக்கலாம்” என்றார். எதிர்த்துக் கேட்க ஒருவர் வந்தார். 23 டாலரில் ஏலம் முடிந்தது. அஞ்சலுடன் 65 டாலர்.

விலையையும் அஞ்சலையும் கூட்டினாலும் கணக்கு முடிவதில்லை என்பதைப் புதிதாக வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும். வங்கி அட்டையில் அயல்நாட்டுப் பணம் செலுத்தினால் பல வங்கிகள் தமக்கென்று ஒரு கூடுதல் பிடிக்கும். அதன் மீது வரி வேறு. பிறகு சுங்கம். மும்பைக்கு வரும் வெளிநாட்டுப் பொதிகள் பல்லார்டு பியரில் உள்ள அயல்நாட்டு அஞ்சலகத்தில் சுங்க அதிகாரிகளின் கையைக் கடந்தே நம் தெருவுக்கு வருகின்றன. அச்சிட்ட நூல்களுக்குக்கூட 2019-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நூற்றுக்கு 5 சுங்க வரி விதிக்கப்பட்டது. சுங்க மதிப்பில் பொருளின் விலையோடு போக்குவரத்துச் செலவும் சேரும். ஆனால் 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் ஒரு வரம்பு கட்டியுள்ளன. வானூர்தி வழி வரும் பொருளுக்கு அந்தச் செலவாகச் சேர்க்கப்படுவது பொருளின் ஏற்றுமதி விலையில் நூற்றுக்கு 20-ஐத் தாண்டக்கூடாது. 99 பென்ஸ் அட்டைக்கு 14 பவுன் கட்டணம் என்றால் சட்டம் அதில் இருபது பென்ஸை மட்டுமே ஏற்கும். விற்பவர் கேட்ட தபாற் செலவைச் சட்டம்கூட முழுவதும் கணக்கில் கொள்ளவில்லை என்று நமக்குள் சிரித்துக்கொண்டோம்.

சில விற்பனையாளர்கள் தாமாகவே முன்வந்து, ‘அன்பளிப்பு என்று எழுதுகிறோம், மதிப்பு ஒரு டாலர் என்று குறிக்கிறோம்’ என்பார்கள். வேண்டா என்று எழுதிவிடுங்கள். அன்பளிப்பாக வரும் பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு, இராக்கியும் உயிர் காக்கும் மருந்தும் தவிர மற்றவற்றுக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. பொய் மதிப்பு எழுதுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, பொதி தொலைந்தால் ஒரு டாலர்ப் பொருளுக்கு யார் இருபது டாலர் இழப்பீடு தருவார்?

அன்பர்கள் சிலர் ஒரே விற்பனையாளரிடம் நான்கு அட்டைகளை வாங்கி நான்கு முறை அஞ்சற் கட்டணம் செலுத்துகின்றனர். நான்கையும் ஒரே உறையில் போட்டு ஒரே கட்டணம் வாங்கிக்கொள்வீர்களா என்று ஏலத்துக்கு முன்பே கேட்டால் பெரும்பாலோர் ஒப்புகின்றனர். கேட்கும் காலம் அதுவே. ஏலத்தில் கேட்ட விலையைப் பின்னர் எளிதில் திரும்பப் பெற இயலாது. வென்ற பிறகு பேரம் பேசுகின்றவரின் கடிதத்துக்கு மதிப்பும் இல்லை. செம்பூரில் நாம் அறிந்த மூன்று குடும்பங்கள் இப்போது சேர்ந்தே வாங்குகின்றன. ஒருவருக்கு நாணயம், ஒருவருக்கு அஞ்சல் தலை, நமக்கு அட்டை. ஒரு வீட்டு முகவரிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு பங்கு பிரிகின்றது.

திருவல்லிக்கேணி அட்டையை விற்றவரிடம் துறைமுக அட்டை ஒன்று இருக்கின்றது. பாய்மரத் தோணிகளும் சுங்கச் சாவடியும் தெரிகின்ற நல்ல படம். அதன் விலையும் 99 பென்ஸ். அஞ்சல் அதே 14 பவுன். நாம் மீண்டும் எழுதிக் கேட்டோம், விடை இல்லை. மாதந்தோறும் அது ஏலத்துக்கு வருகின்றது, கேட்பாரின்றி முடிகின்றது, அடுத்த மாதம் அதே படத்தோடு, அதே கட்டணத்தோடு மறுபடி வருகின்றது. மனம் அதை விரும்பாமல் இல்லை.

பெரியவரின் பொதி மார்கழிக் கடைசியில் பல்லார்டு பியரைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தது. தட்டு முழுதாக இருந்தது. திருமணத்தன்று மண்டபத்தில் ஒலிபெருக்கிக் கூச்சலுக்கு இடையே அதை வைக்க அவர் உடன்படவில்லை. காலையில் வீட்டில், பெண் மனையில் அமர்ந்து எண்ணெய் வைக்கும் நேரத்தில், இரவல் வாங்கிய கிராமபோனில் வைத்தார். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். எழுந்து திருப்பிப் போட்டார். அந்த இரு ஒட்டுப்பலகைகளையும் அவர் எறியவில்லை. தில்லியில் இருக்கும் தங்கைக்குத் தம்மிடம் உள்ள வேறொரு தட்டை அனுப்ப எடுத்து வைத்திருக்கிறார். எடை எவ்வளவு வரும் என்று சென்ற வாரம் நம்மிடம் கேட்டார்.